நான் தேய்த்த கிளிஞ்சல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். திருவள்ளூர் பக்கம் இருக்கிற என் அக்கா, தான் போகிற வேலைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆதி மனுஷர்கள் இருந்த இடம் என்று மலையடிவாரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டி எடுக்கிற கல்லை பிரஷ் போட்டுக் கழுவுவது எங்கள் வேலை.

நான் எட்டாவதோடு நின்றவள். எங்கே போனாலும் தப்பு செய்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே இருப்பேன். ஒரு நாள் கழுவ வந்த தட்டில் கல்லோடு கல்லாக இரண்டு கிளிஞ்சல் கிடந்தது. இரண்டிலும் உள்பக்கம் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியில் நான் கழுவினதெல்லாம் இரும்பு சாமான். துளி துரு இருந்தாலும் ரிஜெக்ட். அந்தப் பழக்கத்தில் ஒன்றை எடுத்து வெள்ளை வெளேரென்று தேய்த்துவிட்டேன்.

"இன்னாடி, சம்மந்தி ஊட்டுக்குப் பாத்திரம் வௌக்கறியா?" என்று அக்கா சிரித்தாள்.

இரண்டாவதை எடுப்பதற்குள் பொறுப்பாக இருந்த மேடம் வந்து வாங்கிக்கொண்டார். சிவப்பைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. குகைச் சுவரில் படம் வரைந்த காலத்து ஆட்கள், சில இடங்களில் காவிக்கல்லை அரைத்துச் சிப்பியில்தான் வைத்திருந்தார்களாம். இதுவும் அதுதானா என்று சோதித்துப் பார்க்கணும் என்றார். நான் தேய்த்ததைக் காட்டி, "இதுல கலர் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்று அக்கா முந்திக்கொண்டாள். அவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"வாயத் தொறந்தியோ, ரெண்டு பேரும் ஊட்டுல உக்காந்துக்கினு இருக்க வேண்டியதுதான்" என்று அக்கா காதோடு சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். இருந்ததை இல்லை என்று மேடம் எழுதிவிட்டாரே, அது அப்படியே நின்றுவிடுமே என்று அதைவிடப் பெரிய பயம்.

கை கழுவினதும் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். "மேடம், அதுலயும் சிவப்பு இருந்துச்சு. நான்தான் தேச்சுட்டேன். அக்கா எனக்காவ அப்டி சொல்லிச்சு."

மேடம் நான் தேய்த்த கிளிஞ்சலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கிளிஞ்சலைக் கழுவக்கூடாது என்று சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார். நோட்டில் எழுதினதை அடித்துவிட்டு, "எங்க இருந்துச்சு? பாக்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உள்ளார, அடியில மேடம். ஓரத்துல இல்ல. செங்கல் பொடி ஈரத்துல ஒட்டிக் காஞ்சாப்ல இருந்துச்சு."

நான் சொன்னதை அப்படியே எழுதி, படித்தும் காட்டினார். மறுநாளும் நாங்கள் வேலைக்குப் போனோம். அக்காதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கையால் போன சிவப்பு இனி வராது, நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. ஆனால் அது அங்கே இருந்தது என்பதற்கு நான் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் சாட்சி என்பதால், தப்பு செய்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிற தைரியம் மட்டும் இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு வந்துவிட்டது.