பன்னிரண்டு மணிக்கு வாசலில்

ஐந்து வயது நிரம்புவதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். பாலக்கரையில் ஓட்டு வீடு ஒன்றில் நடந்த அந்தப் பாலர் பள்ளியில் முப்பது குழந்தைகள் இருந்தோம். அதில் ஏழு பேரை நான் கடித்திருந்தேன். கை, தோள், கன்னம் என்று இடம் பார்க்கிற வழக்கமெல்லாம் என்னிடம் கிடையாது. எது முதலில் அகப்பட்டதோ அதைக் கடித்தேன்.

அம்மா அப்போது வீட்டில் இல்லை. எங்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மா சமயபுரத்துக்கு வேண்டுதலுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். எப்போது வருவாள் என்று கேட்டால், "கோயில்ல கூட்டம் கொறையட்டும், வந்துடுவா" என்பாள். சமயபுரத்தில் என்றைக்குக் கூட்டம் குறைந்திருக்கிறது? பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதோ! மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகத் தெருவில் ஜனங்கள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்குள் அம்மாவைத் தேடுவேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அம்மா தொலைந்துபோய்விட்டாள், அதைச் சொல்லப் பயந்துகொண்டு இவர்கள் மழுப்புகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையில் அம்மாவுக்குச் சயரோகம், இப்போது காசநோய் என்கிறார்களே, அது. ஊருக்கு வெளியே, காற்றோட்டமான ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தாள். எனக்கும் மார்பைப் படமெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்த நோயின் பெயர் வெளியே வந்தால் தெருவே எங்களை விட்டு விலகி நடந்திருக்கும். அதனால்தான் சமயபுரம்.

எட்டாவதாக நான் கடித்தது அத்தர் கடைக்காரர் மகனை. கன்னத்தில் பல் வரிசை அப்படியே பதிந்துவிட்டது. மறுநாள் காலை அவனுடைய அம்மா இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எம்புள்ள கன்னத்தைப் பாருங்க டீச்சர், நாய் கடிச்ச மாதிரி இருக்கு! ஒண்ணு இந்தப் பொண்ணை நிறுத்துங்க, இல்லாட்டி எங்க புள்ளைங்களை நாங்க நிறுத்திக்கிறோம்."

நாய் என்றதில் எனக்கு மகா கோபம். அவரையும் கடித்திருப்பேன்; எட்டவில்லை.

டீச்சர் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கையில் துணிப்பை, குரல் ஒருநாளும் உயராது. "பத்து நாள் டயம் குடுங்கோ. அதுக்குள்ள ஒரு பல் பட்டாலும் நானே இவளை இவ ஆத்துல கொண்டு விட்டுடறேன்" என்றார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

என்னை நிறுத்தியிருந்தால் அத்தை தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். பகலெல்லாம் இங்கே தனியாளாகக் கட்டி மேய்க்க அவளால் ஆகாது, ஊரில் என்றால் ஆட்கள் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, லீவு கிடைக்காது. மனைவி ஓரிடம், மகள் ஓரிடம் என்று ஆகிவிடுமோ என்று அவர் பயந்துபோனார். அன்று சாயங்காலம் டீச்சர் அவரை வரச்சொல்லிப் பேசியது என்ன என்பதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா எனக்குச் சொன்னார்.

"எட்டு கடியும் பன்னெண்டு மணிக்குத்தான் சார். காலம்பற கடிக்கறதில்லை, வெளையாடறச்சே கடிக்கறதில்லை. அம்மாக்கள் வாசல்ல வந்து நிக்கறச்சே, எந்தக் கொழந்தை அம்மாவைப் பாத்து ஓடறதோ அதைத்தான் கடிக்கறா. இவ அம்மா எங்கே?"

அப்பா உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "வெளிய தெரிஞ்சா புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர்க்க மாட்டாங்க டீச்சர்."

"என் வாய்லேர்ந்து வராது. ஆனா கொழந்தைகிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்கோ. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க நெனச்சிண்டிருக்கேள்."

அன்று அப்பா என்னை மடியில் உட்கார்த்திவைத்து, அம்மா சமயபுரத்தில் இல்லை, உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மருந்து சாப்பிடுகிறாள், குணமானதும் வருவாள் என்றார்.

"அப்ப அம்மா தொலைஞ்சு போகலையாப்பா?"

"இல்லடா கண்ணு. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

அப்பாடா! எத்தனை நாள் பாரம் அது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

மறுநாள் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். பன்னிரண்டு மணிக்கு எல்லாக் குழந்தைகளையும் பார்த்து அனுப்பத் தன் ஒருத்தியால் முடியவில்லை என்றும், கெட்டிக்காரியாக ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். சரியான ஆளைத்தான் பிடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை இதுதான்: வாசலில் நின்று, வருகிறவர்களிடம் "யாருக்காக வந்தீங்க?" என்று கேட்க வேண்டும். அந்தக் குழந்தையின் பெயரைக் கூப்பிட வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து அம்மாவின் கையில் வைத்து, "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். கை மாறாமல் ஒரு குழந்தையும் வெளியே போகக் கூடாது.

கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. தினமும் வருகிற அம்மாக்களைக்கூட விடமாட்டேன். கேள்வி கேட்டுப் பதில் வந்தால்தான் ஆள் வெளியே போகும். "கலெக்டர் அம்மா, எம்புள்ளைய விடுங்க தாயே" என்று ஒருவர் கும்பிட்டுக்கூடக் கேட்டார்.

ஏழாம் நாள் வந்தது வினை. அத்தர் கடைக்காரர் மகன் என்னிடம் கை கொடுக்க மாட்டேன் என்று பின்னால் ஒளித்துக்கொண்டான். அவன் அம்மா வாசலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவன் என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவரிடம் ஓடினான். எனக்குப் பல் நமநமவென்றது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தேவிட்டேன். அவன் அம்மா வீல் என்று கத்தினார்.

டீச்சர் ஓடிவரவில்லை, அதட்டவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே, "அடுத்தது யாரும்மா? நாழியாறதே" என்று என்னைக் கேட்டார்.

வேலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? வாயை மூடினேன். அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அவன் அம்மாவின் கையில் வைத்தேன். "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றபோது எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். பத்தாம் நாள் அவர் புகார் எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு அத்தை வர ஒரு மணியாகும். அதுவரை டீச்சர் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். எனக்கும் ஒரு கவளம் கையில் உருட்டி வைப்பார். எங்கள் வீட்டு நோய் தெரிந்த ஒருவர் அப்படி ஒட்டி உட்காருவது அந்த நாளில் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு எங்கே தெரியும்? தனியாகச் சாப்பிட அவருக்குப் பயம் என்றுதான் நினைத்தேன்.

நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் குழந்தைகளெல்லாம் போய்விட்டார்கள். வாசலில் இன்னும் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். நல்ல சதைப்பிடிப்பான உடம்பு, புதுப் புடவை. முட்டையும் பாலும் கொடுத்து ஆஸ்பத்திரியில் ஆளை அப்படி மாற்றியிருந்தார்கள். தெருமுனையில் அப்பா குதிரை வண்டிக்காரரோடு நின்றதை நான் கவனிக்கவில்லை.

வழக்கப்படி நிமிர்ந்து நின்று கேட்டேன்: "யாருக்காக வந்தீங்க?"

அவர் மெல்ல என் பெயரைச் சொன்னார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

ஓடிக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் கை மாறாமல் ஒரு குழந்தையும் வெளியே போகக் கூடாதே! உரக்க என் பெயரை நானே கூப்பிட்டேன். என் இடது கையை வலது கையால் பிடித்து அம்மாவின் கையில் வைத்தேன். "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றேன். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால், டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து வாசலுக்கு ஆள் இல்லையே என்று கவலைப்படுகிறார் போலும். பாவமாக இருந்தது.

"கவலைப்படாதீங்க டீச்சர், நாளைக்கும் நான் வந்துடுவேன்" என்று தைரியம் சொல்லிவிட்டு அம்மாவோடு நடந்தேன். பலகையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அதை ஏன் அவ்வளவு நேரம் துடைத்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.