தாம்பூலப்பைத் திரைச்சீலை

எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு ஒரு தட்டு, தாம்பூலப்பைக்கு மூன்று தட்டு. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் ஓடைப்பட்டியில் இல்லை, சிரிக்கட்டும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு, மணமக்கள் பெயரை அச்சடித்துக் கையில் கொடுப்பார்களே, அந்தப் பைகளைத்தான் சேர்க்கிறேன். மற்றவர்கள் அதில் வெங்காயத்தைப் போட்டு அடுப்படியில் தொங்கவிடுவார்கள். நான் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைப்பேன். தேங்காய் மறுநாளே சட்னியாகிவிடும், பை கிடக்கும்.

இதற்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். நானே கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, கைநீட்டி வாங்கிய பையாக இருக்க வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா, "ஏத்தா, எங்கிட்டப் பத்துப் பையி சும்மா கெடக்கு, கொண்டு போ" என்று மூட்டையாகக் கொடுத்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். போகாத கல்யாணத்தின் பை எனக்கு வெறும் துணி. அக்காவுக்குக் கோபம், ஒரு வாரம் கறிவேப்பிலை தரவில்லை.

நான் பிளவுஸ் தைக்கிறவள். வருகிறவர்கள் அளவு பிளவுஸைப் போட்டுவிட்டு, "இதே மாதிரி" என்பார்கள். இருபது வருடமாக இதே மாதிரிதான் தைத்தேன். கழுத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மறுநாள் வாசலில் பஞ்சாயத்து. எனக்கென்று பிடித்த நிறம் ஒன்று இருக்கிறது என்பதே பைகளைத் துவைத்துக் கொடியில் போட்டபோதுதான் தெரிந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணப் பை சந்தன நிறம், மாதக்கணக்கில் ஏலக்காய் மணத்தது. தேனி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். அது வெள்ளைப் பை, இரண்டு வெள்ளிப் புறா, உள்ளே கேக்குத் துண்டு. வடுகபட்டிப் பை கத்தரிப்பூ நிறம். ஒருநாள் சந்தனப் பைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூப் பை காய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அந்த வாரம் தைத்த சந்தன நிற பிளவுஸ் ஒன்றுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கையோரம் வைத்துவிட்டேன். கேட்காமல் செய்தது தப்புதான். புடவைக்காரி சண்டை போட வந்தாள்; போட்டுப் பார்த்தாள்; கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அடுத்ததுக்கும் உன் இஷ்டத்துக்கு ஏதாச்சும் வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

போன வருடம் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டினோம். ஹாலில் மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், சாயங்காலம் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். திரைச்சீலை பார்க்கத் தேனிக்குப் போனால் கடை முழுக்க ஒரே இலை, ஒரே கொடி. அங்கேயும் "இதே மாதிரி" தானா என்று எரிச்சலோடு திரும்பி வந்தேன். வந்த வேகத்தில் பீரோவைத் திறந்து மூன்று தட்டையும் தரையில் கொட்டினேன்.

மேலே வெள்ளை, அப்புறம் சந்தனம், மஞ்சள், ரோஸ், கத்தரிப்பூ, சிவப்பு, கடைசியில் கருஞ்சிவப்பு என்று நிறத்தை வைத்து அடுக்கினேன். மூட்டுகளைப் பிரித்து, பெயர் தெரிகிற பக்கத்தை வைத்துத் தைத்தேன். பிளவுஸ் வேலையெல்லாம் தேங்கியது. கடைசி வரிசையில், வலது மூலையில் ஒரே ஒரு கட்டம் குறைந்தது.

அது யாருடைய இடம் என்று எனக்குத் தெரியும். அனுமந்தன்பட்டியில் இருக்கும் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரருடைய ஒரே அக்கா, வீடு கட்டுவதற்கு இரண்டு வருடம் முன் மகளுக்குக் கல்யாணம் செய்தார். தாய்மாமன் என்று பத்திரிகையில் தனியாக மேலே போட வேண்டிய இவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில், சுற்றத்தாரோடு சுற்றத்தாராகப் போட்டுவிட்டார்கள். அச்சாபீசில் நடந்த குழப்பம் என்று மதினி சொல்லிவிட்டார். இவர் கேட்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறியது. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேச்சில்லை. என்னையும் போகவிடவில்லை என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தக் கட்டத்தில் இவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்தேன்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டில் முதல் பாலை வீட்டுக்காரரின் உடன்பிறந்தவள்தான் காய்ச்சுவாள். வேறு ஆள் காய்ச்சினால் ஊர் வாயை மூட முடியாது. ஊரை விடுங்கள், அக்கா கை படாத அடுப்பை இவரால் ஆயுசுக்கும் பார்க்க முடியாது. வாய் மட்டும், "யாரு வச்சாலும் பாலு பொங்கும்" என்று வீறாப்புப் பேசியது.

பால் காய்ச்சுவதற்குப் பத்து நாள் முன்னால், இவருடைய பெரியப்பா மகன் வீடு பார்க்க வந்தார். குடும்பத்தில் மூத்தவர். புதுத் தரையைப் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், திரைச்சீலை முன்னால் வந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"ஏண்டா தம்பி, எங்க வீட்டுப் பையி ஏன் இம்புட்டுக் கீழ கெடக்கு? உன் பொண்டாட்டி சொந்தக்காரக பையி மேல நிக்குது!"

"அது நெறத்துக்காக வச்சது மாமா" என்றேன். "உங்க பையி கருஞ்சிவப்பு. அவுக பையி வெள்ளை."

"நெறமாவது மண்ணாவது. மொதல்ல பங்காளி, அப்பறம் மாமன் மச்சான். பத்திரிக்கையில அப்படித்தான போடுவாக?"

நான் நிறமாகப் பார்த்து அடுக்கியதை அவர் மரியாதை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். எத்தனை விளக்கியும் ஏறவில்லை. இவர் சமாதானம் செய்ய வந்தார்.

"அண்ணே, பேரு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? கல்யாணத்துக்குப் போனமா, வயிறாரச் சாப்பிட்டமான்னு இருக்கணும்."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நாக்கு அதைவிடக் கூர்மையாக இருந்தது. "அதத்தாங்க நானும் ரெண்டு வருசமாச் சொல்றேன்" என்றேன்.

மூத்தவர், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த காபியைக்கூட முடிக்காமல் கிளம்பினார். இவர் தோட்டத்துக்குள் போனவர் சாயங்காலம்தான் வந்தார். திரைச்சீலையில் வெயில் விழுந்து தரையெல்லாம் ரோஸும் மஞ்சளுமாகக் கிடந்தது. வலது மூலையில் மட்டும் வெளுப்பு. அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் வேட்டியா?"

"ஆமா. நாம போகாத கல்யாணம்."

மறுநாள் காலையில் பல் விளக்கியதும், "தாம்பூலத் தட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மாவா?

இரண்டு பேருமாக அனுமந்தன்பட்டிக்குப் போய், பழம் வெற்றிலையோடு பத்திரிகை வைத்தோம். மதினி தட்டை வாங்கிச் சாமி முன்னால் வைத்தார். காபி கொடுத்தார். மழையைப் பற்றியும் திராட்சைக் கொத்தைப் பற்றியும் என்னிடம் பேசினார். தம்பியிடம் ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது, "வருவீகளா மதினி?" என்றேன்.

"பாப்போம்."

எங்கள் ஊரில் 'பாப்போம்' என்றால் பெரும்பாலும் வரமாட்டோம் என்றுதான் அர்த்தம். இருந்தும் மதினிக்கென்று ஒரு புடவை எடுத்து, அதற்கு பிளவுஸும் தைத்து வைத்தேன். அளவு என் மனதிலேயே இருந்தது.

பால் காய்ச்சும் நாள் காலை ஏழரைக்குள் நல்ல நேரம். ஏழே கால் ஆயிற்று. மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நேரம் போகுதுடா. உன் மதினி வந்து பால வைக்கட்டும்" என்று தன் மனைவியைக் காட்டினார்.

"என் அக்கா வந்து வைப்பா. நேரம் போனாப் போகட்டும்" என்றார் இவர். குரல் உடைந்திருந்தது.

ஏழு இருபதுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. மதினி இறங்கினார். யாரிடமும் பேசாமல், வலது காலை வைத்து உள்ளே வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கியபோது பெண்கள் போட்ட குலவையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

அப்புறம் ஹாலுக்கு வந்தோம். மதினி திரைச்சீலையை ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். மூலையில் வந்து நின்றார்.

"இது யாரு வீட்டுது? பேரு இல்லையே?"

"உங்க வீட்டுது மதினி. போகாத கல்யாணத்துப் பைய நான் வைக்கிறதில்ல."

மதினி தன் கட்டைப்பைக்குள் கையை விட்டு, வாய் கட்டிய ஒரு தாம்பூலப்பையை எடுத்தார். பன்னீர் திராட்சை நிறம். தம்பியிடம் நீட்டினார்.

"பிடிடா. மேடையில எடுத்து வச்ச மொதப் பையி. தாய்மாமனுக்குன்னு இத வச்சுட்டுத்தான் மத்தவகளுக்குக் குடுத்தோம். அச்சாபீசுக்காரன் உன் பேர எங்கன வேணாப் போட்டுட்டுப் போறான். நான் உன்ன எங்கன வச்சிருந்தேன்னு நீ வந்துல்ல பாத்திருக்கணும்?"

இவர் பையை வாங்கினார். உள்ளே தேங்காய் கடகடவென்று உருண்டது. எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"கொப்பரையாப் போச்சேக்கா."

"ரெண்டு வருசமாச்சுல்ல? பெறகு எளநியாவா இருக்கும்?"

வீடே சிரித்தது. மதினிதான் அதிகமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் அப்போதே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். என் சட்டப்படி அது கல்யாணத்துக்குப் போய் வாங்கிய பை இல்லை. மடிப்பில் நிறம் வெளுத்துவிட்டதால் என் வரிசைக்கும் சரியாகப் பொருந்தவில்லை. சட்டமும் வரிசையும் கிடக்கட்டும் என்று தோன்றியது.

"தாய்மாமன் பையி போயும் போயும் கடைசி மூலையிலயா?" என்று மூத்தவர் ஆரம்பித்தார்.

"அங்கனயே இருக்கட்டும்!" அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நான் தையலைப் பிரித்து வேட்டித் துண்டை எடுத்தேன். இவர் அதை என் கையிலிருந்து வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். நாங்கள் பால் காய்ச்சியது கேஸ் அடுப்பில்.