கிரேன் உச்சியில் ஒரு விளக்கு

என் வீட்டுக்காரர் லோகன், துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு எண்ணெய்ச்சாயத்தில் படம் வரையும் பைத்தியம் பிடித்தது. யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

முதல் படத்தைக் கெடுத்தவள் நான்தான். சாயம் கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்றார். என் அப்பா கேரி தீவுத் தோட்டத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். எண்ணெய் என்றால் எனக்கு வேறு என்ன தெரியும்? சமையல்கட்டிலிருந்து பாமாயில் போத்தலை எடுத்து நீட்டினேன். நான்கு மாதமாகியும் படம் காயவில்லை. கொசுதான் ஒட்டிக்கொண்டு செத்தது. ஆளி விதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு இறுகும் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

அடுத்த படம் விடிகாலைத் துறைமுகம், நடுவில் ஒரு கிரேன். அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு. அது காய்ந்த பிறகே எண்ணெய் கூடிய அடுத்த பூச்சு. மாற்றிச் செய்தால் நாளாக ஆகச் சாயம் விரிசல் விட்டுவிடுமாம். லோரிக்காரருக்கு இவ்வளவு பொறுமையா! தினமும் காலையில் நான்தான் முதலில் எழுந்து விரலால் தொட்டுப் பார்ப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்து ஓவியக் கண்காட்சிக்கு அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! ஒரே நிபந்தனை, ஈரப் படத்தை மாட்ட மாட்டார்கள். கொண்டுபோகிற அன்று விடிகாலையிலும் தொட்டுப் பார்த்தேன், முழுக்கக் காய்ந்திருந்தது.

மண்டபத்தில் பொறுப்பாளர் சுதர்சினி படத்திலிருந்த வானத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது. கடலும் காய்ந்திருந்தது. கிரேன் உச்சியைத் தொட்டதும் விரலில் சிவப்பு.

"அங்கிள், இது ஈரமா இருக்கே?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்தார். "ராத்திரியில கிரேன் உச்சியில எரியுமே, அந்தச் சிவப்பு விளக்கு, காலையில கிளம்பறப்ப வெச்சேன் லா. உச்சி மொட்டையா இருந்துச்சி."

வந்ததே எனக்குக் கோபம்! "ஆறு மாசம் காத்திருந்தீங்க, கடைசி அஞ்சு நிமிசம் கை சும்மா இருக்காதா?" என்று கத்திக்கொண்டே கைக்குட்டையால் அந்த விளக்கை ஒரே இழுப்பாகத் துடைத்தேன்.

"ஐயோ சீதா, வானம் போச்சி!"

போகவில்லை. அடியிலிருந்த வானம் இம்மியும் கலையாமல் பளிச்சென்று நின்றது. சுதர்சினி மறுபடி தொட்டார். விரல் சுத்தம்!

படம் சுவரில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் கிரேன் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்கு இல்லாம இருக்கே, சீதா."

"விடிஞ்சிருச்சி லா," என்றேன். "அணைச்சிட்டாங்க."