பீரோ சாவி போன மூன்று நாள்

பேச்சு வராத பிள்ளைகளுக்காகச் சங்கரன்கோவிலில் நடக்கும் எங்கள் பயிற்சி மையத்தில் ஜெபிதா டீச்சர். நான் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுகிறவன்.

தண்ணீர், கழிப்பறை, வீடு என்று படம் போட்ட அட்டைகளை ஜெபிதா பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். வேண்டியதை எடுத்து நீட்டினால் போதும். குருவிகுளத்திலிருந்து பேச்சி கூட்டி வரும் மகள் அபிதா, கேட்கத் தெரியாத கோபத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை தன் கையையே கடிப்பாள். அந்த மணிக்கட்டில் பேச்சி பழைய சேலைத் துணியைச் சுற்றியே கூட்டி வருவாள். கடி, அடி, அழுகை எல்லாவற்றையும் அட்டை கொடுக்கும் முன்பிருந்தே ஜெபிதா அன்றாடம் எண்ணி நோட்டில் எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நாள் சராசரி போட்டேன். அட்டைக்கு முன்பும் பதினான்கு, இப்போதும் பதினான்கு. மேலாளர் பிரபுதாஸ் சார், "அட்டையால ஒண்ணும் பிரயோஜனமில்ல. மாசக் கடைசியோட நிறுத்திருங்க" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு அந்த அளவுதான் புத்தி.

இடையில் ஜெபிதா மூன்று நாள் லீவு போட்டு, சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனத்துக்காக வாசுதேவநல்லூர் போனாள். கைப்பையோடு பீரோ சாவியும் போய்விட்டது. அட்டைகள் பீரோவுக்குள். எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. அபிதாவின் கடி பதினேழு, பத்தொன்பது, பதினெட்டு. ஜெபிதா திரும்பி வந்து பீரோவைத் திறந்த அன்று ஐந்துதான்.

அதை நான் சொன்னதும் ஜெபிதா நோட்டைப் புரட்டி, அபிதாவுக்கு மட்டும் கிராஃப் தாளில் கோடு போட்டாள்.

"அண்ணாச்சி, அட்டை வந்ததும் எறங்கியிருக்கு. சாவி போனதும் ஏறியிருக்கு. இப்ப மறுபடியும் எறங்குது பாருங்க."

உட்கார்ந்த இடத்திலேயே பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போட்டோம். ஆறு கோடு இறங்கியிருந்தது, ஆறு ஏறியிருந்தது. கோடு ஏறிய கோகுல் முதலான ஆறு பேருக்கும் அட்டையே எரிச்சல். இரண்டையும் கூட்டி ஒன்றுமில்லாமல் ஆக்கிய புண்ணியவான் நான்தான். தாள்களை அள்ளிக்கொண்டு சாரிடம் ஓடினோம்.

"ஒரு சோறு பதம்னு ஒரு பிள்ளைய வச்சு முடிவு பண்ணச் சொல்லுதியளா?" என்றார் பிரபுதாஸ் சார்.

"இவிய அசனத்து அண்டாவுல ஒண்ணா வெந்த சோறு இல்ல சார். அபிதாவுக்கு அட்டை வேணும். கோகுலுக்கு ஆகல, அவன்ட்ட இருந்து அட்டைய நானே வாங்கிருதேன்" என்றாள் ஜெபிதா.

சார் பன்னிரண்டு தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "இனிமே நீரும் தனித்தனியாவே ஏத்தும் வே" என்றார்.

அடுத்த மாதம் அபிதா வெறும் மணிக்கட்டோடு வந்தாள். துணி எங்கே என்று பேச்சியிடம் கேட்டேன்.

"இந்தா இருக்கு அண்ணாச்சி" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். மகளின் சோற்று டப்பாவை அதில்தான் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.