முன்கழிச் சடையன்

பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஆளின் கனத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார் சடையன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "எலும்பு கனமுங்க உங்களுக்கு. செங்குத்துல தோளு மாத்தித்தான் கொண்டாரோணும்" என்றார். பிறகுதான் எந்த ஊர் என்று விசாரித்தார். அவருடைய கணக்கு பாதி நேரம் தப்பு என்கிறார் டீக்கடைக்காரர். தப்பினால் சடையன் ஒத்துக்கொள்வதில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறியிருப்பார்கள் என்று சொல்லிவிடுவார்.

தலைச்சோலைக்கு அப்பால், பஸ் போகாத ஊர் அவருடையது. கொஞ்சம் காப்பிச் செடி உண்டு. மற்ற நாட்களில் எஸ்டேட்டில் மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலை. ஊரில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியின் இரு முனைகளையும் மூங்கில் கழியில் கட்டித் தூளியாக்கி, அதில் படுக்கவைத்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வருகிறார்கள். இது தொழில் அல்ல. வீட்டுக்கு ஓர் ஆள் தோள் கொடுக்க வேண்டும் என்பது ஊர்முறை. கூலி இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. இன்று சுமக்கிறவன் நாளைக்குத் தூளியில் கிடப்பான்.

சடையன் முன்கழி பிடிப்பவர். பின்னால் வருகிறவனுக்குக் கம்பளியைத் தவிர எதுவும் தெரியாது. அவனுக்கும் சேர்த்து முன்கழிக்காரன் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகவும் வேண்டும். "கல்லு. எடப்பக்கம் முள்ளு. வழுக்குது, குதிகால ஊனு. பாம்பு... போயிருச்சு." வழி முழுவதும் வாய் ஓயாது. நாளடைவில் அது பழக்கமாகி, வெறுங்கையோடு தார்ரோட்டில் நடக்கும்போதும் உடன் வருகிறவருக்குச் சாணி எங்கே கிடக்கிறது என்று அறிவித்துக்கொண்டே நடக்கிறார். தூக்கத்தில் அவர் பள்ளம் என்று சொன்னாலும் தன் கால் மடங்கிக்கொள்கிறது என்று அவருடைய மனைவி தங்கம்மா புகார் சொல்கிறாள்.

மீசையில் அவருக்குப் பெருமை உண்டு. சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார். சுமை ஏற்றுவதற்கு முன் அதில் ஒருமுறை முகம் பார்த்துக்கொள்வார். பதறிக் கிடக்கும் வீட்டில் இவர் மீசையை நீவுவதைப் பார்த்து வைகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் நீவி முடித்த பிறகுதான் அழுகை அடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த மலையைக் கண்டுபிடித்தவர் என்று ஊர் சொல்லிக்கொள்வது பிரிஸ்கோ என்ற வெள்ளைக்காரரை. நிலம் அளக்க வந்தவர். அடிவாரத்திலிருந்து அவரை டோலியில் சுமந்து வந்தவர்களில் முன்கழி பிடித்தவர் தன் முப்பாட்டன் என்கிறார் சடையன். ஆதாரம் கிடையாது. கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கதை நீளும், குறையும். குழந்தைகள் இருந்தால் நடுவில் ஒரு சிறுத்தை வரும். பெண்கள் இருந்தால் துரை காய்ச்சலில் தாயை நினைத்து அழுவார். எந்தக் கதையிலும் துரை கோழையாக வருவதில்லை.

மிஷன் பள்ளியில் சரித்திரம் நடத்தும் இன்பமேரி டீச்சருக்கு இது பொறுக்காது. ஒரு மாலை டீக்கடையில் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரையில் துரைக்கு ஒரு கல் நாட்டலாம் என்று ஊரில் பேச்சு அடிபட்ட சமயம் அது.

"ஆளுங்க குடியிருந்த மலைய அவரு எப்படிங்க கண்டுபிடிச்சாரு? உங்க முப்பாட்டன் என்ன தொலைஞ்சா போயிருந்தாரு?"

கடையில் சிரித்தார்கள். சடையனும் சிரித்தார்.

"தொலையலீங் டீச்சர். தடமும் இருந்துச்சுங்க. தடம் இல்லீன்னா அவரத் தூக்கியாந்திருக்க முடியாதே."

"அப்புறம் அவருக்கு எதுக்குக் கல்லு? மத்தவன் தோள்ல உக்காந்து வந்ததுக்கா?"

சடையன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தூக்கறவனுக்கு என்னங்க பயம்? காலு நம்ம காலு, தடம் நம்ம தடம். உக்காந்து வர்றவன நெனச்சுப் பாருங்க. பாஷை தெரியாத நாலு பேரு. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அவனுக மனசுல என்ன இருக்குதுன்னு தெரியாது. சாய்ச்சு உட்டா ஏன்னு கேக்க ஆளில்ல. அப்பிடியும் உக்காந்து வந்தாருல்லீங்க? எனக்கு வராது டீச்சர் அந்தத் தைரியம்."

"கையில துப்பாக்கி இருந்திருக்கும்."

"உருளறப்ப துப்பாக்கி என்னங்க பண்ணும்?"

டீச்சரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. சுமந்தவர்களுக்கும் பக்கத்திலேயே ஒரு கல் வைத்தால் தானே வந்து மாலை போடுவதாகச் சொன்னார். தங்களுக்குக் கல் வேண்டாம், ரோடு போட்டால் போதும் என்றார் சடையன்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு பெரியவரைக் கொண்டுவரும்போது பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. சுமப்பவர்களிடம் ஒரு கட்டு உண்டு. உயிரோடு ஏற்றியவரைப் போய்ச் சேரும்வரை தரையில் இறக்கக் கூடாது. களைத்தால் கவட்டைக் கம்புகளை ஊன்றிக் கழியை அதன்மேல் தாங்கவிட்டு மூச்சு வாங்கலாம். தரையில் இறக்குவது பிணத்தை மட்டும்தான். உயிருள்ளவரை இறக்கினால், அந்த உயிருக்கு ஆகாது என்று நம்புகிறார்கள். அன்று பெரியவரைப் புல்லில் இறக்கிவைத்தது முதல் சடையனுக்கு ரோட்டைத் தவிர வேறு பேச்சு குறைந்துவிட்டது.

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோடை விழாவை நடத்திய குழுவினர், துரை மலையேறி வந்த காட்சியை நடித்துக் காட்டத் தீர்மானித்தார்கள். சடையனின் ஊர்த் தடம் வந்து சேரும் பழைய குதிரைத் தடத்தின் வளைவிலிருந்து ஏரிக்கரை மேடைவரை துரை டோலியில் வர வேண்டும். துரை வேஷம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஜோசப்புக்கு. ஊரிலேயே சிவந்த தோல் அவருடையது, இங்கிலீஷும் வரும். சுமக்கச் சடையனைக் கேட்டார்கள். மேடையில் சென்னையிலிருந்து வரும் பெரிய அதிகாரி இருப்பார் என்று கேள்விப்பட்டதும் சடையன் சம்மதித்தார். டோலியை மேடை முன்னால் நிறுத்தி, இன்றைக்கும் எங்கள் ஊரில் ஆளை இப்படித்தான் கொண்டுவருகிறோம், ரோடு வேண்டும் என்று சொல்லிவிடுவது அவர் திட்டம். சொல்ல வேண்டியதை டீக்கடையில் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது நீண்டுகொண்டே போயிற்று.

ஊரில் மிச்சமிருந்த நல்ல தோள்காரர்கள் மூன்று பேரையும் அவர் கூட்டிக்கொண்டு போவதில் தங்கம்மாவுக்கு இஷ்டமில்லை. பக்கத்து வீட்டுக் காளியாயிக்கு மாதம் நிறைந்திருந்தது.

"செத்துப்போன தொரையத் தூக்க அத்தன பேரும் போயிட்டா, உசுரோட இருக்கறவள ஆருங்க தூக்கறது?"

ஒரு பொழுதில் என்ன வந்துவிடும் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார் சடையன்.

விழா நாள் காலையில் வளைவில் பனி இறங்கியிருந்தது. மூங்கில் நாற்காலிக்கு இரு பக்கமும் கழி கட்டி, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். மரியஜோசப் பள்ளி நாடகப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைத் தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கழிகள் தோளுக்கு ஏறியதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பள்ளத்தின் பக்கம் திரும்பாமல் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். சடையன் திரும்பாமலே சொன்னார்: "இப்பத் தெரியுதுங்களா ரைட்டரய்யா, தொரை எப்பேர்ப்பட்ட ஆளுன்னு?"

தாரை தப்பட்டைக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். டோலிக்குப் பின்னால் நாங்கள் சிலர் நடந்தோம். மேளச் சத்தம் திருப்பத்தில் மங்கியபோது, பின்னாலிருந்து பனிக்குள் ஒரு குரல் கேட்டது.

"கல்லு. பள்ளம். வேரு கெடக்குது, தாண்டி வை."

பெண் குரல். சடையனின் கால் நின்றது. வெள்ளையன் என்கிற பின்கழிக்காரன் நாற்காலிமேல் முட்டப் பார்த்தான்.

கம்பளித் தூளி பனியிலிருந்து வெளியே வந்தது. முன்கழியில் தங்கம்மா. பின்கழியில் காளியாயியின் மாமியார். மாற்றுத் தோளுக்கு இன்னும் சில பெண்கள். விடியலுக்கு முன்பே வலி கண்டுவிட்டது, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள் என்பதைப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். தங்கம்மாவின் தோள்பட்டையில் ரவிக்கை கிழிந்து தோல் உரிந்திருந்தது. தூளிக்குள்ளிருந்து வந்த சத்தம் அழுகைபோல இல்லை.

"ஏனுங்க, தொரைய எறக்குங்க" என்றாள் தங்கம்மா.

சடையன் அசையவில்லை. தடத்தில் இரண்டு சுமைகளுக்கு இடமில்லை. டோலியைக் கவட்டைக் கம்பில் தாங்கவிட்டால் தூளி தாண்ட முடியாது. டோலியை ஏற்கப் பழகிய வேறு தோளும் இல்லை. ரைட்டர் மேலிருந்து குனிந்து பார்த்தார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், கட்டு அவருக்கும் தெரியும். தொப்பியைக் கழற்றினார்.

"எறக்குடா சடையா. எனக்கு ஒண்ணும் ஆவாது."

டோலி பாறையோரம் தரையில் இறங்கியது. அது மண்ணைத் தொட்டபோது சடையன் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். திறந்ததும் நேராகத் தங்கம்மாவின் கழிக்கு அடியில் போய்த் தோளைக் கொடுத்தார். பின்கழியை வெள்ளையன் வாங்கிக்கொண்டான். அதன் பிறகு அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள்.

ஏரிக்கரையில் மேளத்துக்குப் பின்னால் சுமை வருவதைக் கண்டதும் பாண்டு முழங்கியது. மொட்டை மாடிகளிலிருந்து பூவை அள்ளிப் போட்டார்கள். கம்பளியில் சாமந்தி விழுந்தது. மேடையில் மைக் பிடித்திருந்த ஓட்டல்காரர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சமாளித்தார். அந்தக் காலத்தில் நோயாளிகளைக்கூட இப்படித்தான் கொண்டுவந்தார்கள் என்று விளக்கம் சொன்னார். சென்னை அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார்.

மேடைக்கு முன்னால்தான் சடையன் போனார். அதிகாரி கூப்பிடு தூரத்தில் இருந்தார். நிறுத்தித் தூளிக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தால் போதும், பேச்சே தேவைப்பட்டிருக்காது. "கயிறு. தலையக் குனி. தண்ணி தேங்கிக் கெடக்குது" என்று வெள்ளையனுக்குச் சொல்லிக்கொண்டே பந்தலுக்கு அடியில் நுழைந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்.

காளியாயி பிழைத்தாள். பெண் குழந்தை. மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்பமேரி டீச்சர் காப்பி கொண்டுவந்தார். மேடை முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார். "நிக்கறதுங்களா? அவ உள்ள கெடந்து தவிக்கறப்ப?" என்றார் சடையன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை எடுக்கவில்லை, மீசையைத் தொடவில்லை. தங்கம்மா தோளில் மருந்து தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரைட்டரைத் தரையில் இறக்கிவிட்டேனே என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

சடையனின் ஊருக்கு இன்னும் ரோடு வரவில்லை. ஏரிக்கரையில் துரைக்குக் கல் வைத்துவிட்டார்கள். அதைக் கடந்து போகும்போது சடையன் பீடியைக் கையில் மறைத்துக்கொள்கிறார். டீச்சர் அதைப் பார்த்தாலும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

விழாவுக்கு மறுநாள் காலையில், டோலி சுமந்த நால்வரும் மரியஜோசப்பின் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் எஸ்டேட் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வளைவுவரை வர முடியுமா என்று கேட்டார் சடையன். விழாதான் முடிந்துவிட்டதே என்றார் ரைட்டர்.

"முடியலீங்க. எடுத்தாச்சு, கொண்டுபோய்ச் சேர்க்கோணும். உங்களப் பாதியில உட்டுட்டு எனக்குத் தூக்கம் புடிக்கலீங்க."

மரியஜோசப் மதியச் சோற்றுத் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கூட நடந்தார். எதிரில் வந்த நானும் சேர்ந்துகொண்டேன்.

நாற்காலி முந்தைய நாள் இறக்கிய இடத்திலேயே, பனியில் நனைந்து கிடந்தது. ரைட்டர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தடத்தில் வேறு யாரும் இல்லை. மற்ற மூவரும் குனிந்துவிட்டார்கள். சடையன் மட்டும் நின்றுகொண்டு ரைட்டரைப் பார்த்தார். ஏதோ குறைந்தது.

"தொப்பி எங்கீங்க?"

பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றார் மரியஜோசப்.

சடையன் தோளில் மெத்தையாக மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்தார். அதை உதறி, இரண்டு கையாலும் ரைட்டரின் தலையில் பதவிசாகச் சுற்றிக் கட்டினார். சற்றுத் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து, வெறுந்தோளைக் கழிக்கு அடியில் கொடுத்தார்.