தங்கை வாங்கி வந்த மீன்கள்

என் தங்கை குவைத்திலிருந்து திரும்பி வந்த சில நாட்களில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் வளர்ப்பு மீன் கடையிலிருந்து இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கி வந்தாள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. தண்ணீர் கட்டிய பொலித்தீன் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுப் படிகளில் ஏறினாள். கூடப் போயிருந்த மகள் பின்னால் குடை பிடித்து வந்தாள். தூறல்தான். ஆனாலும் குடை மொத்தமும் தங்கையின் தலைக்கு மேலேயே இருந்தது. பிள்ளையின் ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். எனக்கு அவள் அப்படிக் குடை பிடித்ததாக ஞாபகம் இல்லை.

மகள் என்று சொல்லிவிட்டேன். பெற்றவள் தங்கை. தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டான். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தங்கை, பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. அடுத்த வருஷமே என் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் படுத்த கட்டிலில் அவள் படுத்தாள். அவன் விட்டுப்போன மீன் தொட்டியைத் தனதாக்கிக்கொண்டாள். அவன் கூப்பிடுவதைக் கேட்டு என்னை அம்மா என்றாள். போனில் வருகிறவள் 'குவைத் அம்மா'. இப்படியே எட்டு வருஷம் போனது. நான் திருத்தவில்லை. தங்கையும் ஒன்றும் சொன்னதில்லை.

"அக்கா, இத அப்படியே தொட்டிக்குள்ள விட்டுறலாமா?" என்று வாசலிலேயே கேட்டாள் தங்கை.

"வேணாம்," என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "புது மீன அப்படியெல்லாம் விடக்கூடாது. கடைத் தொட்டியில என்ன நோய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தனியா வச்சுப் பாக்கணும்."

சொன்னது பொய்யில்லை. ஒருமுறை என் கணவர் எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு மீனை நேரே தொட்டியில் விட்டோம். ஒரு வாரத்துக்குள் மகன் வளர்த்த மீன்களில் பாதி செத்து மிதந்தன. அதற்குப் பிறகு எந்த மீன் வந்தாலும் தனித்தொட்டிதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பையை அவள் கையில் பார்த்தபோது, நோய் மட்டும் என் மனதில் இருக்கவில்லை. பிள்ளை பல மாதங்களாக ஏஞ்சல் மீன் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். இவள் வந்தாள், வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

கட்டிலுக்கடியில் கிடந்த சிறிய கண்ணாடித் தொட்டியை எடுத்துக் கழுவினேன். மணல், கல் எதுவும் போடவில்லை. அடி வெறுமையாக இருந்தால்தான் மீன் என்ன கழிக்கிறது, எவ்வளவு சாப்பாடு மிஞ்சுகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெரிய தொட்டிக்கு மாற்றவென்று, குளோரின் போக முதல்நாளே வாளியில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பெரிய தொட்டியின் பில்டரிலிருந்த பழைய ஸ்பொஞ்சில் ஒன்றை எடுத்து இதில் வைத்தேன். அழுக்கு ஸ்பொஞ்சை எதற்கு வைக்கிறாய் என்று தங்கை கேட்டாள். அந்த அழுக்கில் இருக்கும் நுண்ணுயிர்தான் தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தது, என் வார்த்தைகளாலேயே, வேறொருத்திக்குப் போனது. ஹீட்டரைப் பொருத்தினோம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டைப் போட்டோம். இந்தத் தொட்டிக்கு வேறு வலை, தண்ணீர் இழுக்க வேறு குழாய். பெரிய தொட்டியில் இவற்றை நனைக்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

"எவ்வளவு நாளைக்கு இப்படி?" என்றாள் தங்கை.

"ஒரு மாசமாவது இருக்கட்டும்."

தொட்டியை முன்னறையில் வைத்தோம். என் தையல் மெஷினும் அங்கேதான். அந்த ஒரு மாதமும் தங்கையும் பிள்ளையும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததற்கு நானே இடம் ஏற்படுத்திக் கொடுத்தேன் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

முதலில் பேச்சு அதிகம் வரவில்லை. பிள்ளைக்குக் கூச்சம். தங்கை ஏதாவது கேட்பாள், இவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தங்கை அவளுக்குத் தலை பின்ன ஆசைப்பட்டாள். "அம்மா பின்னுவாங்க," என்று சீப்பை என்னிடம் கொண்டுவந்தாள் பிள்ளை. தங்கை எழுந்து குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ரொம்ப நேரம் பின்னினேன்.

பிறகு வெள்ளை மீனுக்கு நோய் வந்தது.

காலையில் பிள்ளைதான் கண்டாள். செட்டையில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மீன் குழாய்த் துண்டில் உடம்பை உரசிக்கொண்டிருந்தது. கறுப்பிலும் வாலோரம் ஒன்றிரண்டு தெரிந்தன. வெள்ளைப்புள்ளி நோய். நான் பயந்தபடியே ஆகிவிட்டது. உள்ளுக்குள் ஒரு திருப்தியும் வந்தது. நல்லவேளை, அப்படியே விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்று சத்தமாகவே சொன்னேன். என் கணவர் அப்போதுதான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மொனராகலை பஸ் ஓட்டுகிறார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் குடுத்த மீனுக்கு ஒன் தங்கச்சி என்ன செய்யும்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தினமும் அடித்தண்ணீரைக் குழாயால் இழுத்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்ற வேண்டும், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். தங்கை செய்தாள். நான் எதிர்பார்க்காதபடி நன்றாகச் செய்தாள். தண்ணீரைத் தொடுமுன் முழங்கைவரை கழுவினாள். மருந்தை எண்ணும்போது உதடு அசைந்தது. எனக்குத் தைக்கக் கிடந்த பள்ளிக்கூட யூனிபோர்ம்களே மலையாகக் குவிந்திருந்தன. அவளுக்கு வேறு வேலை இல்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளையும் நேரே அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள்.

அடுத்து மழை பிடித்தது. பசறை வீதியில் மண் சரிந்து, என் கணவரின் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மத்தியானம் கரண்ட் போனது. ஹீட்டர் அணைந்தது, பில்டர் நின்றது. வெள்ளை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"வெந்நி போட்டு போத்தல்ல ஊத்தி மெதக்க விடு," என்றேன். "காத்துக்கு, தொட்டித் தண்ணியவே டம்ளர்ல மொண்டு மேல இருந்து ஊத்திக்கிட்டே இரு."

தங்கை மொண்டு ஊற்றினாள். அவள் கை ஓய்ந்தபோது பிள்ளை ஊற்றினாள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பட்டன் தைத்துவிடலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"இதுங்க மட்டும் ஏன் தனியா இருக்கணும்? பாவமா இருக்கு," என்றாள் பிள்ளை.

"நானும் இப்படி இருந்தேன்," என்றாள் தங்கை. "கொரோனா நேரம். காய்ச்சல் வந்ததும் அந்த வீட்டம்மா என்னை மேல் மாடியில சாமான் போடுற ரூம்ல வச்சிட்டாங்க. கதவுக்கு வெளிய சாப்பாட்ட வச்சிட்டு, தட்டிட்டுப் போயிருவாங்க."

பிள்ளை டம்ளரைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினாள்.

"போன்ல பேசுறப்ப பின்னால பெட்டி பெட்டியா அடுக்கியிருந்துச்சே, அந்த ரூமா?"

"ஆமா. அதே ரூம்தான்."

"அப்ப நீங்க சிரிச்சிக்கிட்டே பேசுனீங்களே?"

"ஒன்கிட்ட அழுதுகிட்டா பேசுறது?"

அந்த வீடியோ அழைப்புகளில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். பெட்டிகள் என் கண்ணில் பட்டதே இல்லை. தங்கைக்குக் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியாது. பிள்ளை பார்த்திருக்கிறாள், இத்தனை காலம் மனதில் வைத்திருக்கிறாள். தங்கைக்காக நான் அப்போது வருந்தியிருக்க வேண்டும். வருந்தினேன்தான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளையின் மனதுக்குள் எனக்குத் தெரியாத ஓர் அறை இருந்திருக்கிறது, அதில் இவள் இருந்திருக்கிறாள்.

பிள்ளை கேட்டுக்கொண்டே போனாள். அங்கே என்ன சாப்பாடு, யார் திட்டுவார்கள், அந்த வீட்டுக் குழந்தைகள் தங்கையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள். தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை.

அப்போது பிள்ளை குரல் கொடுத்தாள். "பெரியம்மா, போத்தல் ஆறிருச்சு. இன்னும் கொஞ்சம் வெந்நி குடுங்க."

யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தேன். பிறகுதான் என்னைத்தான் என்று புரிந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சொன்னதாகத் தெரியவில்லை. அம்மா ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது இன்னொருத்தியைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. தங்கைதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள்.

நான் எழுந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். போத்தல் மூடியை இறுக்கும்போது விரல் சுட்டது.

விடிவதற்குள் வெள்ளை மீன் செத்துவிட்டது. பிள்ளை அழுதாள். தங்கையின் மடியில் முகம் வைத்து அழுதாள். கறுப்பு பிழைத்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆனாலும் மருந்தை உடனே நிறுத்தவேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

பாதை திறந்து வீடு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மாவப் பெரியம்மான்னு கூப்பிட்டதுக்கா இவ்வளவு?" என்றார்.

"ஒங்களுக்கு வெளங்காது."

"வெளங்குது. என்னைய அவ எப்பவும் பெரியப்பான்னுதான் கூப்பிடுறா. நான் ஒண்ணும் கொறைஞ்சு போயிரல."

அவருக்கு விளங்கவில்லைதான்.

தை பிறந்ததும் தங்கை லுணுகலை டவுனில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலையும் கிடைத்தது. பிள்ளையைக் கூட்டிப்போகட்டுமா என்று என்னிடம் கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன். அவள் போகமாட்டேன் என்று சொல்வாள் என்ற நம்பிக்கையில் சொன்னது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "லீவுக்கெல்லாம் வந்துருவேன்," என்றாள். பள்ளிக்கூடம் மாற்றும் கடிதத்துக்கு நானே அவளோடு போனேன்.

கறுப்பு மீனைச் சிறிய தொட்டியோடு கொடுத்தனுப்பினேன். பழைய ஸ்பொஞ்சையும் ஈரம் காயாமல் ஒரு பையில் கட்டிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே லுணுகலைக்கு பஸ் ஏறினேன். சொல்லாமல் போனேன். வீடு எப்படி இருக்கிறது, பிள்ளை இளைத்துவிட்டாளா என்று பார்க்கத்தான். அவள் இளைக்கவில்லை. தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள். நான் எப்போதும் ஒற்றைப் பின்னல்தான் பின்னுவேன். நான் வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துத் தொட்டியிடம் இழுத்துப்போனாள்.

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. என் தொட்டியில் எந்த நாளும் அப்படித் தெளிந்ததில்லை. கறுப்பு மீன் செட்டையை விரித்துக்கொண்டு கண்ணாடியோரம் வந்து நின்றது.

"நல்லா வச்சிருக்கீங்க," என்றேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "சாப்பாடு கூடப் போடுறீங்க போல. வயிறு பெருத்திருக்கு," என்றேன்.

"கொறைச்சிர்றேன் அக்கா," என்றாள் தங்கை, உடனே. பிள்ளை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீன் தீன் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் உயரமாக வைத்தாள். பிறகு மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். கடைசி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் என்னோடு இறங்கி வந்தார்கள். பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தாள். ஆனால் அவள் கோர்த்திருந்தது தங்கையின் கையை. என் பக்கக் கையில் எனக்காகக் கட்டிய மரக்கறிப் பை இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன்.