சுகிர்தம் ஒட்டிய காய்

சுகிர்தம் எங்கள் கல்லூரியில் பதினேழு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தார். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறார்களோ தெரியாது. எங்கள் ஊரில் அது, ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் நீளும். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னைக்கும் நெல்வயலுக்கும் நடுவே நிற்கிற மூன்று மாடிக் கட்டடம், அவ்வளவு போதும்.

தாவரவியல் துறையின் உலர்மாதிரி அறை அவர் பொறுப்பு. பறித்து வரும் செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைக்க வேண்டும். பிறகு கெட்டியான வெள்ளைத் தாளில் பசை தடவி ஒட்டி, தண்டு தடித்த இடத்தில் நூலால் தைத்து, மூலையில் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். சுகிர்தம் ஒட்டிய செடியைப் பார்த்தால், செத்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது என்று தோன்றும். நான் விலங்கியல் துறை, அடுத்த அறை. எங்கள் பக்கம் பாட்டில்களில் ஓணான்கள் மிதக்கும். அவற்றைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. கல்லூரியில் எல்லோருக்கும் அதைத் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இறுதியாண்டு மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு இப்படி ஒட்டிய தாள், அதாவது ஷீட், இருபது கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இலை, பூ, காய் மூன்றும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தால் மதிப்பெண் போய்விடும். நம் பிள்ளைகள் தேர்வுக்கு முந்தின வாரம் விடுதிக்குப் பின்னால் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கி வருவார்கள். தேர்வு நாளைக்குள் பாதிக் காய் உதிர்ந்திருக்கும். அப்போது டப்பா திறக்கும். ஆவாரங்காய், அகத்திக்காய், கொழுஞ்சிக்காய் என்று தனித்தனிப் பொட்டலங்கள். எந்த ஷீட்டில் காய் இல்லையோ அதற்கு ஒரு காய். இதற்கு ஏமாற்று என்று பெயர் கிடையாது, "ஷீட்டைச் சரிபண்ணுறது" என்று பெயர். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் தெரியும். அவருடைய கல்லூரியிலும் ஒரு டப்பா இருக்குமல்லவா!

துறைத் தலைவர் டாக்டர் செல்வின். போடிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு செடிக்காவது தான் பெயர் வைத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று ஒரு வெறி அவருக்கு. பிள்ளைக்குப் பெயர் வைக்கவே மாமனாரிடம் அனுமதி கேட்டவர், செடி விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்கத் தயாராக இல்லை. ஒரு மார்கழியில் ஆண்டிபட்டிக்குத் தெற்கே கரடு என்று சொல்கிற ஒரு பாறைக் குன்றுக்குப் போய்ச் சாக்கு நிறையச் செடிகளைப் பறித்து வந்தார். பறிக்கும்போது ஒரு கையில் கைபேசி இருந்தது. எதைப் பறித்தார் என்று அவருக்கும் தெரியாது, கைபேசிக்கும் தெரியாது.

அந்தச் சாக்கில் ஒரு கொழுஞ்சிக் கிளை இருந்தது. நெல் நடவுக்கு முன்னால் வயலில் மடக்கி உழுவார்களே, அதே கொழுஞ்சி. காயவைத்ததில் காயெல்லாம் முறுக்கி வெடித்துச் சிதறிவிட்டது. சுகிர்தத்துக்கு மொட்டையாக ஒரு ஷீட்டைப் பார்த்தால் சோறு இறங்காது. டப்பாவைத் திறந்தார். கொழுஞ்சிப் பொட்டலத்தில் உடையாமல் இருந்தது ஒரே ஒரு காய். எந்த மாணவனோ எந்த மலையிலிருந்தோ என்றைக்கோ கொண்டுவந்தது. கொஞ்சம் ரோமமாக இருந்தது. கொழுஞ்சியில் காய் முழுக்க ரோமம் மூடிய வேறோர் இனமும் உண்டு, அதன் காய். சுகிர்தம் அதைக் காம்பில் பொருத்தி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொழுஞ்சியில் பி.எச்டி. வாங்கிய மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்தாராம்.

தெரியவில்லை.

மறுநாள் காலை செல்வின் போட்ட சத்தத்தில் எங்கள் அறை ஓணான்கள் கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். இலை ஒரு கொழுஞ்சி, காய் இன்னொரு கொழுஞ்சி! இரண்டும் ஒரே செடியில்! அன்றைக்கே விவரணை எழுத உட்கார்ந்தார். எனக்கு வாசித்தும் காட்டினார். குத்துச்செடி, இரண்டடி உயரம். கூட்டிலை, சிற்றிலைகள் ஒற்றைப்படையில் பதின்மூன்று, தலைகீழ் முட்டை வடிவம், நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பு முனை போலக் கிழியும். பூ இளம் ஊதா. காய் தட்டை, லேசாக வளைந்தது, முழுக்க வெண்பட்டு ரோமம். "இதுவரை உலகம் காணாதது" என்று முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உலகம் காணாததுதான், கண்டிருக்க வழியே இல்லை.

சுகிர்தம் வாசலில் நின்று, "சார், அந்தக் காய் இருக்குல்ல..." என்று ஆரம்பித்தார்.

"அந்தக் காய்தாம்மா! எல்லாமே அந்தக் காய்தான்!" என்று செல்வின் துள்ளினார். அதற்குமேல் யாரால் பேச முடியும்?

செடிக்குப் பெயர் வைப்பதில் அவர் காட்டிய புத்திசாலித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எங்கள் தாளாளரின் காலஞ்சென்ற தகப்பனார் அய்யாத்துரை, ஏலக்காய் வியாபாரி. தொட்டிச் செடிக்குக்கூட ஒரு சொம்புத் தண்ணீர் விட்டவரில்லை. டெப்ரோசியா அய்யாத்துரையி என்று லத்தீனில் அவரைக் கொழுஞ்சியாக்கினார் செல்வின். கல்லூரி வாசலில் பிளெக்ஸ் எழுந்தது. ஒரு பக்கம் அய்யாத்துரை, மறுபக்கம் கொழுஞ்சி, நடுவில் கும்பிட்டபடி செல்வின். எல்லோருக்கும் பிரியாணி. நானும் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் வாங்கினேன்.

அந்த மேடையில்தான் தாளாளர் ஒரு வார்த்தை சொன்னார். "இந்தச் செடிய இவ்வளவு அழகா ஒட்டி வச்ச நம்ம சுகிர்தம்மாவ, ஆராய்ச்சி இதழ்ல இது அச்சானதும் நிரந்தரம் பண்றோம்." கைதட்டல். சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினேழு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்த ஒரு பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவருக்கு டயாலிசிஸ். மகள் ஏஞ்சலுக்கு நர்சிங் படிக்க ஆசை. வேலை நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு வரும். அவர் வாயை மூடிக்கொண்டார். மூடாமல் என்ன செய்வார்?

அப்புறம் சிக்கல் வந்தது. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புது இனம் என்று ஏற்க முடியாது, இன்னும் நாலு கிளை அனுப்புங்கள் என்று இதழிலிருந்து கடிதம் வந்தது. செல்வின் கரட்டுக்கு ஓடினார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. பிஸ்கட் டப்பாவில் விளைந்த செடியைக் கரட்டில் தேடினால் எங்கே கிடைக்கும்? சாதாரணக் கொழுஞ்சிதான் இடுப்பளவுக்கு நின்றது. வெயிலில் முகம் கறுத்துத் திரும்பிய மனிதர், தோற்றேன் என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று கண்டுபிடித்தார். இனமே அழிந்துவிட்டதாம்! கண்டுபிடித்து எட்டு மாதத்தில் ஓர் இனத்தை அழித்த பெருமை எங்கள் கல்லூரிக்கே உண்டு. அழித்தது யார்? ஆடுகள்.

தாளாளர் கொதித்துவிட்டார். அப்பாவை ஆடு மேய்ந்துவிட்டது என்றால் எந்த மகன் சும்மா இருப்பான்? கரட்டைச் சுற்றி வேலி போடச் சொல்லி அரசுக்கு மனு போயிற்று. அதற்குள் கல்லூரிச் செலவிலேயே அடிவாரத்தில் ஒரு போர்டு, இரண்டு வாட்ச்மேன்கள்: அரிய தாவரப் பகுதி, மேய்ச்சல் கூடாது.

ஒரு வாரம் கழித்து, அந்தக் கரட்டில் நாற்பது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தவசி கல்லூரிக்கு வந்தார். அலுவலகத்தில் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் உலர்மாதிரி அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா, நீங்கதான் அந்தச் செடிய ஒட்டுனவுகன்னு சொன்னாக. எங்க ஆடு தின்னுருச்சுன்னு எழுதி வச்சிருக்காக. வேற பச்ச இருக்கையில கொழுஞ்சிய ஆடு மோந்துட்டுப் போயிரும் ஆத்தா. அங்கன விட மாட்டேங்கிறாக. எட்டு ஆட்ட வித்துட்டேன். மிச்சத்தையும் வித்துட்டா நான் என்னத்தச் செய்ய?"

 சுகிர்தம் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தவசி போன பிறகு என்னைப் பார்த்தார். "ராஜா சார், அந்தக் காய நாந்தான் ஒட்டுனேன்" என்றார்.

 உடனே நான் சொன்னது என்ன தெரியுமா? "மெதுவாப் பேசும்மா, யார் காதுலயாவது விழுந்துறப் போகுது." இருபத்தாறு வருடம் மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவனுடைய அறிவுரை இது.

அந்த மாதக் கடைசியில் இதழின் சார்பில் அனுசுயா என்று ஓர் அம்மையார் வெளியூரிலிருந்து வந்தார். தாவர வகைப்பாட்டில் பெரிய ஆள். தாளாளர் அறையில் கூட்டம். மேசைமேல் ஷீட். அதன் பக்கத்தில், அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று தட்டச்சு செய்து வைத்திருந்த சுகிர்தத்தின் பணி நிரந்தர ஆணை. தாளாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. துறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

அனுசுயா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இலை சாதாரணக் கொழுஞ்சி மாதிரியே இருக்கு. காயைப் பிரிச்சு விதை பார்க்கணுமே" என்றார்.

செல்வின் பதறினார். "உலகத்துலேயே இது ஒண்ணுதான் மேடம். மிச்சத்த எல்லாம் ஆடு தின்னுருச்சு. மேய்ச்சலை நிரந்தரமாத் தடுக்கணும்னு நீங்களும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா நல்லாருக்கும்."

அனுசுயா பேனாவைத் திறந்தார். எழுதியிருப்பாரோ மாட்டாரோ, தெரியாது. சுவரோரம் நின்ற சுகிர்தம் நகர்ந்து முன்னால் வந்தார்.

"மேடம், அந்தக் காய் அந்தச் செடியில காச்சதில்ல."

 சுகிர்தம் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காம்பில் வைத்தார். பசை இளகியதும் இடுக்கியால் காயைத் தூக்கி எடுத்தார். காம்பில் பழைய காயின் அடித்துண்டு ஒட்டியிருந்தது. அதில் ரோமம் ஒன்றுகூட இல்லை.

"மொட்டையா இருந்துச்சுன்னு நான்தான் ஒட்டுனேன். பதினேழு வருசமா பிள்ளைக ஷீட்டுக்கு ஒட்டுற மாதிரி. சார் இங்க படிக்கிறப்ப வாங்குன கோல்டு மெடல் ஷீட்டுலயும் நாலு காய் எனக்கு முன்னாடி இருந்த அக்கா ஒட்டுனது. சொல்லியிருக்காக. ஆடு ஒண்ணுந் திங்கல மேடம்."

அனுசுயாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ரெண்டுமே எப்பவோ பேரு வச்ச செடிங்க சார்" என்று செல்வினிடம் சொல்லிவிட்டு லென்ஸை மடக்கினார்.  தாளாளர் ஆணையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சுகிர்தத்தின் கண் அந்தத் தாளோடு போயிற்று. அதை நான் பார்த்தேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர், நானும் ஒருவன். அறிக்கையைச் செல்வினே எழுதிக் கொண்டுவந்தார், எங்களுக்கு வேலை வைக்கக்கூடாது என்று. "தற்காலிகப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால்" என்று தொடங்கியது. கொழுஞ்சியில் பி.எச்டி. வாங்கியும் ஏமாந்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வருடா வருடம் டப்பாவைத் திறக்கச் சொன்ன துறையைப் பற்றியும் இல்லை. சுகிர்தத்தை வேலையிலிருந்து நீக்கலாம் என்று முடிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். இனிஷியலோடு, தேதியோடு.

செல்வின் இன்றும் தலைவர்தான். இப்போது ஊர்ச்செடிகள் பற்றி வானொலியில் பேசுகிறார். அய்யாத்துரை பிளெக்ஸ் சைக்கிள் ஸ்டாண்டில் ஒழுகும் இடத்தில் கூரையாகக் கிடக்கிறது. கரட்டடிவாரத்துப் போர்டைப் பிடுங்கிவிட்டார்கள். தவசியின் ஆடுகள் மறுபடி மேய்கின்றன.

போன பங்குனியில் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் சுகிர்தத்தைப் பார்த்தேன். ஓடைப்பட்டியில் திராட்சை பேக்கிங் கொட்டகைக்குப் போகிறாராம். ஏஞ்சல் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறாள். நர்சிங் இந்த வருடம் இல்லை. இதையெல்லாம் பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அறிக்கையில நீங்களும் கையெழுத்துப் போட்டீகளாமே சார்?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். "ஆமாம்மா" என்றுதான் வாயில் வந்தது.

"பரவால்ல சார். நான் விட்டது இன்னும் கைக்கு வராத நிரந்தர வேல. நீங்க விடணும்னா கையில இருக்கறதயில்ல விடணும். அது கஷ்டந்தான்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மாள் நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். செல்வினைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யோசித்தபடி, என் பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.